"அது எங்க அம்மா செஞ்சது!" - வீட்டுப்பாடம் குழந்தைக்கா, பெற்றோருக்கா?

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் மெதுவாக வந்து நின்றாள். "அம்மா, நாளைக்கு வீடு மாடல் செஞ்சு எடுத்துட்டுப் போகணும். மிஸ் வெள்ளிக்கிழமையே சொன்னாங்க... மறந்துட்டேன்."

அதன் பிறகு நடந்ததைப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி ஷட்டர் இறக்கிய ஸ்டேஷனரி கடைக்கு ஸ்கூட்டியில் ஓட்டம். தெர்மாகோல், சார்ட், ஐஸ்க்ரீம் குச்சி, கிளிட்டர் என 280 ரூபாய். பத்து மணிக்கு மகள் சோபாவிலேயே தூங்கிவிட்டாள். நான் கூரையை ஒட்டி முடித்தபோது மணி பன்னிரண்டரை.

அந்த ஓட்டு வீட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. மாலையில் எதிர் வீட்டு அக்கா, "அட, நீயா செஞ்சே?" என்று கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல ஆன்ட்டி, அது எங்க அம்மா செஞ்சது. நான் செஞ்சிருந்தா ப்ரைஸ் கிடைச்சிருக்காது."

பரிசு வாங்கிய பிள்ளை சொல்ல வேண்டிய வார்த்தையா இது? 'உன்னால் முடியாது' என்பதை ஒரு வார்த்தைகூடப் பேசாமல், விடிய விடிய உட்கார்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன், ஒன்று மற்றும் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் இதையே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2020-ல் வந்த பள்ளிப் பை கொள்கை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம். 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். கவனியுங்கள், நாளைக்கு அல்ல, வாரத்துக்கு!

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் வீட்டுப்பாடம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்டார்கள். பெரிய வகுப்பு மாணவர்களிடம் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மெலிந்தே இருந்தது.

அதற்காக, குழந்தை வீட்டில் எதுவும் கற்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஒரே சொல்லைப் பத்து முறை எழுதுவதும், அம்மா செய்த மாடலைத் தூக்கிக்கொண்டு போவதும் கற்றல் இல்லை, அவ்வளவுதான்.

'க்ரியேட்டிவ்' என்றால் கிளிட்டர் அல்ல

எந்த வீட்டுப்பாடம் வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதை என் பிள்ளை தன் கையால் செய்ய முடியுமா? இதற்காகக் கடைக்கு ஓட வேண்டுமா? முடிந்த பிறகு, 'ஏன் இப்படி ஆச்சு?' என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியுமா?

முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் 'ஆமாம்', இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று வந்தால், அது நல்ல வீட்டுப்பாடம். இரண்டாவது கேள்வி சின்ன விஷயமில்லை. தினக்கூலிக்குப் போகும் வீட்டில் 280 ரூபாய் என்பது இரண்டு நாள் காய்கறிச் செலவு. அந்த வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வகுப்பில் எழுந்து நிற்கும்போது, அவளுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவளிடம் இல்லாதது காசுதான்.

வீட்டிலேயே இருக்கிறது பாடம்

பயறும் கொட்டாங்கச்சியும் (1 முதல் 3-ம் வகுப்பு): பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவிடுங்கள். முளைத்த பயறை இரண்டு கொட்டாங்கச்சிகளில் ஈரப் பஞ்சின் மேல் போடச் சொல்லுங்கள். ஒன்றை ஜன்னலோரமும் மற்றொன்றை இருட்டான அலமாரியிலும் வைக்கட்டும். 'எது உயரமா வளரும்?' என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

வாசல் கோலம் (2 முதல் 5-ம் வகுப்பு): 7 புள்ளி வைத்து 4-ல் நிறுத்தும் இடுக்குப் புள்ளிக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? சிறியவர்கள் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பெரியவர்கள் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று வரிசைகளைக் கூட்டி 37 என்பார்கள். 'எண்ணாமலே எப்படிக் கண்டுபிடிச்சே?' என்று கேட்டால், கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. பையன்களுக்கும் கோலமாவைக் கொடுங்கள். புள்ளிக்கு ஆண், பெண் தெரியாது.

பல்லாங்குழி (1 முதல் 3-ம் வகுப்பு): 14 குழி, குழிக்கு 5 சோழி என்றால் மொத்தம் 70. எடுத்துப் போட்டு ஆடும்போதே கூட்டலும் கழித்தலும் விரலில் ஏறிவிடும். பலகை இல்லையா? முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் போதும்.

மின் மீட்டர் (4, 5-ம் வகுப்பு): தினமும் மாலை ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். இன்று 4,519, நேற்று 4,512 என்றால் 7 யூனிட். எந்த நாளில் கூடியது, ஏன் என்று அவர்களே துப்பறிவார்கள். அயர்ன் பண்ணிய நாள், ஏசி ஓடிய நாள் எல்லாம் பிடிபடும். நீங்கள் ஃபேனை அணைக்காமல் எழுந்து போனால் உங்களுக்கே பாடம் நடக்கும், தயாராக இருங்கள்!

மொட்டைமாடி நிழல் (3 முதல் 5-ம் வகுப்பு): லீவு நாளில் ஒரு குச்சியை நட்டு, காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்கு அதன் நிழலை ஸ்கேலால் அளக்கட்டும். நிழல் சுருங்கி, திசை மாறி, மறுபடி நீளும். சூரியன் நகர்வதுபோலத் தெரிவது ஏன் என்ற கேள்வி அவர்களாகவே கேட்பார்கள்.

பாட்டியிடம் பேட்டி (எல்லா வகுப்பும்): 'நீங்க ஸ்கூலுக்கு எப்படிப் போனீங்க? மதியம் என்ன சாப்பிட்டீங்க? ஏன் படிப்பை நிறுத்தினீங்க?' என்று மூன்று கேள்விகள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும், மற்றவர்கள் படம் வரையட்டும். ஊரில் இருக்கும் தாத்தாவுக்குப் போஸ்ட் கார்டு எழுதவும் வைக்கலாம். இன்றும் அதன் விலை 50 பைசாதான். பதில் வரும் நாள் வரை பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேரமே இல்லையே!

இரண்டு பேரும் வேலைக்குப் போய் ஏழரைக்கு வீடு திரும்பும் குடும்பங்களில் இதெல்லாம் நடக்குமா? தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவது கஷ்டம்தான். செய்கிற வேலையிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. அரிசி அளக்கும்போது, 'நாலு பேருக்கு ரெண்டு டம்ளர், ஆறு பேருக்கு எத்தனை?' என்று கேட்கலாம். காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையை அவளே எண்ணி வாங்கட்டும். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை வாசிக்கட்டும். தூங்கும் முன் பத்து நிமிடம் ஒரு கதை.

'எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே' என்று தயங்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். கதை சொல்ல எழுத்து தேவையில்லை. 'இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லிக் கொடு' என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவள் டீச்சராக மாறும் அந்த ஐந்து நிமிடத்தில், படித்தது அவளுக்குள் இறங்கிவிடும். தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்டத் தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருத்தெருவாகப் பாடம் நடத்தினார்கள். அங்கேயும் பாட்டும் கதையும் விளையாட்டும்தான் பிள்ளைகளை இழுத்து உட்காரவைத்தன.

கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான். பிள்ளை கோணலாக ஒட்டும்போது நம் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். கத்தரிக்கோல், சூடு, மின்சாரம் இவற்றுக்கு மட்டும் உதவுங்கள். முடித்ததும் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்காமல், 'இதுல உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?' என்று கேளுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

பள்ளியிலும் பேசலாம். புகாராக வேண்டாம், வேண்டுகோளாகப் பேசுங்கள். மகளின் டைரியில் நான் எழுதியது இவ்வளவுதான்: 'இனி ப்ராஜெக்ட்டை அவளே செய்வாள். அழகாக இருக்காது. அவள் செய்ததற்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள்.' அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். "கண்காட்சியில வைக்க அழகா இல்லைன்னா பேரன்ட்ஸே வந்து கேக்கறாங்க மேடம். நாங்க என்ன செய்யறது?" தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை என்று புரிந்தது.

அடுத்த முறை வந்தது பயறு ப்ராஜெக்ட். "இருட்டுல வெச்சது வளரவே வளராது" என்று அடித்துச் சொல்லியிருந்தாள் மகள். ஆறாம் நாள் அலமாரியைத் திறந்தவள் கத்திய கத்தலில் நான் தோசைக்கரண்டியோடு ஓடினேன். இருட்டில் இருந்த பயறுதான் வெளிறி, மஞ்சள் பூத்து, இன்னொன்றைவிட நெடுநெடுவென வளர்ந்திருந்தது. நோட்டில் அவளே எழுதினாள்: 'வெளிச்சத்தைத் தேடிக்கிட்டே போயிருக்கு. அதான் உயரமாயிடுச்சு.'

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கொட்டாங்கச்சி சாய்ந்து, பாதி முளைகள் ஒடிந்துவிட்டன. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. மாலையில் எதிர் வீட்டு அக்கா வழக்கம்போல, "இது யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"நான்தான் ஆன்ட்டி. பாதி ஒடஞ்சிருச்சு. ஆனா ஏன் மஞ்சளா இருக்குன்னு எனக்குத் தெரியும், சொல்லவா?"

அக்கா பதில் சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.