‘பேசிருவான்’ என்று தள்ளிப்போடும் மாதங்கள்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம் மெட்டும் குமுளியும் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறார்கள். கைப்பிள்ளை அதுவரை அம்மாச்சியிடம். ஒன்றரை வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று யாராவது கேட்டால், “அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்” என்று பதில் வரும்.

தாமதமாகப் பேசுகிற பிள்ளைகள் உண்டுதான். ஆனால் இது ஆட்டிசமா என்று அறியப் பேச்சை மட்டும் பார்த்தால் போதாது. வாய் திறக்காத பிள்ளைகூடப் பொதுவாக வேண்டியதை விரல் நீட்டிக் காட்டும். தெருவில் கோயில் யானை வந்தால் யானையைப் பார்த்துவிட்டு, ‘நீயும் பார்த்தாயா’ என்பதுபோல நம் முகத்தையும் பார்க்கும். இந்தப் பகிர்தல் இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாமை, 16 மாதத்தில் ஒற்றைச் சொல்லும் வராமை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமை ஆகியவையும் அறிகுறிகளே. வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அம்மாச்சியுடையது மட்டுமல்ல. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்து, குறைபாடு வரும் அபாயம் உள்ளவர்களைக் கண்டறிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அச்சட்டம் அங்கீகரிக்கும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். ஓட்டை எங்கே என்றால், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை அங்கன்வாடியில் உட்காருவதே இல்லை. அதற்குரிய சத்துமாவு மட்டும் வீட்டுக்கு வருகிறது. குழு வரும் தேதியை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு, அன்று பிள்ளையைத் தூக்கிப் போவதுதான் வழி.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. ஆட்டிசம் வெளித்தெரியும் வயதும் ஏறக்குறைய இதுதான். அதனால்தான் ஊசியால் வந்தது என்ற வதந்தி ஒட்டிக்கொண்டது. அந்த வதந்திக்கு விதை போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஊசியைத் தவிர்க்காதீர்கள். அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் தாய் சேய் நல அட்டையை நீட்டி, வளர்ச்சி சரியா என்று கேளுங்கள்.

சந்தேகம் என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாவட்ட இடையீட்டு சேவை மையம் அங்குதான் இயங்குகிறது. முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பார்கள். கேளாமையும் இதே முகத்தோடு வரும். முதல்கட்டச் சோதனை நோய் முத்திரை அல்ல. முடிவு உறுதியாகும்வரை அங்கு கற்றுத்தரும் பயிற்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒரு நாள் கூலி போகும் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் கற்றுக்கொள்ள யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும், அது அம்மாச்சியாகவும் இருக்கலாம். குச்சனூர் கோயிலுக்கு நேர்ந்துகொள்பவர்கள் நேர்ந்துகொள்ளட்டும், க.விலக்குக்கும் போகட்டும்.

‘முழுக்கக் குணப்படுத்துகிறோம்’ என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது.

ஆட்டிசம் உறுதியானால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும். பயிற்சிச் செலவுக்கும் பொருந்தும். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. பள்ளி சேர்க்க மறுத்தால் தேனி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம். மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.