சர்க்கரையை உள்ளே விடும் தசைகள்

1887-இல் ஷோவோ, காஃப்மன் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், உலர்புல் தின்றுகொண்டிருந்த குதிரையின் முகத்தசை ஒன்றுக்குள் போகும் ரத்தத்தையும் அதிலிருந்து திரும்பும் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குதிரை மெல்லும்போது அந்தத் தசை எடுத்துக்கொண்ட சர்க்கரை பல மடங்கு கூடியிருந்தது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1921-இல்தான். அசைகிற தசை சர்க்கரையை இழுக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அது எப்படி நடக்கிறது என்பது புரியத்தான் நூறாண்டு ஆனது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. நீரில் கரையும் குளுக்கோஸ் அதைத் தானாகக் கடக்க முடியாது. கடத்திப் புரதம் வேண்டும். எலும்போடு ஒட்டிய தசைகளில் இந்த வேலையைப் பெரிதும் செய்வது க்ளூட்-4 என்ற கடத்தி. ஓய்வில் இதன் பெரும்பகுதி செல்லுக்குள்ளே நுண்ணிய பைகளில் அடங்கிக் கிடக்கும். சாப்பிட்ட பிறகு இன்சுலின் வந்து சமிக்ஞை தந்ததும் பைகள் மேலேறிச் சவ்வோடு கலக்கும். க்ளூட்-4 வெளிப்பரப்புக்கு வரும். குளுக்கோஸ் உள்ளே போகும்.

எல்லாத் தசையும் ஒரே அளவில் இழுப்பதில்லை. கோழியின் தொடைக்கறி கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. இந்த நிற வேறுபாடு தசை இழைகளின் வகையைக் காட்டுகிறது. நெடுநேரம் உழைக்கும் சிவப்பு இழைகளில் க்ளூட்-4 அதிகம் என்பதை எலித் தசைகளில் தெளிவாகக் காணலாம். வெடுக்கென இயங்கி விரைவில் களைக்கும் வெள்ளை இழைகளில் அது குறைவு. மனிதரிடம் இந்த வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல. இதயத் தசையில் க்ளூட்-4-உடன் க்ளூட்-1 என்ற இன்னொரு குளுக்கோஸ் கடத்தியும் உண்டு, ஆனால் இதயத்தின் முதன்மை எரிபொருள் கொழுப்பு அமிலம். ரத்தக் குழாய்ச் சுவரின் மென்தசையோ பெரும்பாலும் க்ளூட்-1-ஐ நம்பியது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. தசை சுருங்கும்போது வெளிப்படும் கால்சியமும், ஆற்றல் குறைவதை உணரும் நொதிகளும் இன்சுலினின் உதவி இல்லாமலேயே க்ளூட்-4-ஐ மேலே கொண்டுவருகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் தசையில் க்ளூட்-4 பெரும்பாலும் போதிய அளவு இருக்கிறது. இன்சுலின் அனுப்பும் சமிக்ஞைதான் உள்ளே சரியாகச் சேருவதில்லை. உழைப்பின் வழி அப்போதும் திறந்தே இருக்கிறது. நடந்து முடித்த பிறகும் ஏறத்தாழ ஒரு நாள் வரை அந்தத் தசை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும்.

ஆகவே நடங்கள். இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.