விண்ணுக்குப் போன திருமங்கலம் பள்ளி!

10 மாணவிகள்... 50 கிராம் கருவி... 2 ராக்கெட்!

உரம் வாங்க, பத்திரம் பதிய, பேருந்து மாற என்று சுற்றுவட்டாரக் கிராம மக்கள் தினமும் வந்துபோகும் ஊர், மதுரை மாவட்டம் திருமங்கலம். இங்குள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் 10 மாணவிகள், 2022-ம் ஆண்டில் செயற்கைக்கோள் தயாரிப்பில் பங்கெடுத்தார்கள்.

நாட்டின் 75-ம் ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி, நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் பங்களிப்பில் உருவானது, 'ஆசாதிசாட்'. சென்னையில் உள்ள 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பு இந்தப் பணியை ஒருங்கிணைத்தது. செயற்கைக்கோளின் மொத்த எடையே சுமார் 8 கிலோதான். அதில் ஒவ்வொரு பள்ளியின் பங்காக ஒரு கருவி. எடை சுமார் 50 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைதான்!

2022 ஆகஸ்ட் 7-ம் தேதி காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி ராக்கெட் கிளம்பியது. அந்த ரகத்தில் அதுதான் முதல் ராக்கெட். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்திருந்த மாணவிகள் நேரில் பார்த்துக் கைதட்டினார்கள். ஆனால், அன்றே கெட்ட செய்தியும் வந்துவிட்டது. 356 கி.மீ உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள், ஒரு பக்கம் 76 கி.மீ வரை தாழ்ந்துவரும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்டது. அவ்வளவு தாழ்வில் காற்றின் உராய்வு இழுத்துவிடும். பல மாத உழைப்பு வீணானது.

மாணவிகளின் வேலையில் குறை இல்லை. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு பிரியும்போது ஏற்பட்ட அதிர்வை, உணர்கருவிகள் பழுதாகிவிட்டதாக ராக்கெட்டின் கணினி தப்பாகப் புரிந்துகொண்டது. விதை நன்றாக இருந்தும் மழை பொய்த்த கதைதான்.

விவசாயிக்கு இது புதிதல்ல. ஒரு போகம் போனால், காரணத்தைக் கண்டுபிடித்து அடுத்த போகத்துக்கு உழுவோம். அங்கேயும் அதுதான் நடந்தது. அடுக்கு பிரியும் அமைப்பை மாற்றினார்கள். மாணவிகளின் பங்களிப்போடு 'ஆசாதிசாட்-2' தயாரானது. 2023 பிப்ரவரி 10-ம் தேதி பறந்த இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி, அதை 450 கி.மீ உயரப் பாதையில் சரியாக நிறுத்தியது.

மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துப் பிள்ளைகளை எடைபோடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அறிவியல் கண்காட்சி, பசுமைப் படை, பள்ளித் தோட்டம், கபடி என்று பிள்ளைகள் சொன்னால், "படிக்கிற வேலையைப் பாரு" என்று அடக்கிவிடுகிறோம். ஒரு காரியத்தைத் தொடங்கி, தோற்று, மறுபடி செய்து முடிக்கும் பழக்கம் அங்கேதான் கிடைக்கிறது. ஆண்டு விழாவன்று அரை நாள் வேலையை விட்டுவிட்டு, அரங்கில் போய் உட்காருங்கள். மேடையில் நிற்கும் பிள்ளையின் கண்கள் முதலில் தேடுவது உங்களைத்தான்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் படித்தால் உயர்கல்வியில் என்ன சலுகை?

6 முதல் 12-ம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் வந்த சட்டம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதை விரிவாக்கியது. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

கல்லூரிச் செலவுக்கு உதவி உண்டா?

மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. கல்லூரியில் சேர்ந்ததும் அங்குள்ள அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள்.

பள்ளியில் ஆய்வகம் பூட்டியே கிடந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள். அந்தக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். கேட்டால்தான் கதவு திறக்கும்!