தத்துப்பிள்ளை சொல்லும் பழைய துயரம்

ஒரு குழந்தையைத் தத்தெடுப்போர் அதன் வருங்காலத்தோடு இறந்தகாலத்தையும் சேர்த்தே ஏற்கின்றனர். அந்த இறந்தகாலம் பெரும்பாலும் ஒரு குழந்தைகள் இல்லத்திலோ, வளர்ப்புக் குடும்பத்திலோ கழிந்திருக்கும். அங்கே குழந்தைக்கு அன்பு கிட்டியிருக்கலாம். அடியும், அதனினும் கொடியவையும் நேர்ந்திருக்கவும் கூடும். புதிய வீட்டுக்கு வந்து பல மாதங்கள் சென்றபின், விளக்கணைத்த இரவொன்றில், குழந்தை அதைச் சொல்லத் தொடங்கும். அப்போது பெற்றோர் செய்யத்தக்கது யாது?

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்பதே பலருடைய முதல் ஐயம். உணவும் படுக்கையும் தந்தவர்களே துன்புறுத்தினால், குழந்தை யாரிடம் முறையிடும்? அச்சம் நீங்கிய இடத்தில்தான் அதற்கு வாய் திறக்கும். ஆகவே, பிந்திச் சொன்னதைப் பொய்யின் அடையாளமாகக் கொள்ளலாகாது. பெற்றோரிடம் அதற்கு நம்பிக்கை பிறந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

குழந்தை பேசும்போது பொறுமையாகக் கேளுங்கள். "உன்மேல் குற்றமில்லை, சொன்னது நல்லது" என்று கூறுங்கள். துருவித் துருவி வினவுவதும், இன்னார்தானா என்று பெயரை எடுத்துக் கொடுப்பதும் கூடாது. பின்னர் நீதிமன்றத்தில் அச்சொற்கள் குழந்தையுடையவைதாமா என்ற கேள்வி எழும். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதியுடன் எழுதி வையுங்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று மட்டும் வாக்களிக்க வேண்டாம். அவ்வாக்கைக் காக்க இயலாது.

ஏனெனில், 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. சான்றுகளைத் திரட்டுவது பெற்றோரின் வேலையன்று. நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர்மீது வழக்குத் தொடர இயலாது. தெரிவிக்கத் தவறுவோருக்கோ ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. அடித்தல், பட்டினி போடுதல் போன்ற கொடுமைகளை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கண்டிக்கிறது. இல்லத்தின் ஊழியரோ நிர்வாகியோ அவற்றைச் செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம்.

குழந்தை முன்பு இருந்த இல்லம் வேறு மாநிலத்தில் இருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நிகழ்ந்திருந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையத்திலேயே தகவல் அளிக்கலாம். 1098 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கோரலாம். போக்சோ வழக்குகளில் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, பெற்றோர் முன்னிலையில் பதிவு செய்வார். குழந்தையின் பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிடச் சட்டம் தடை செய்கிறது.

இவ்வளவு இருந்தும் பெற்றோர் தயங்குகின்றனர். குழந்தையைத் தந்த நிறுவனத்திடம் அவர்களுக்கு நன்றியுணர்வு இருக்கிறது. புகார் செய்தால் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. தத்து ஆணை பிறந்தபின் அக்குழந்தை சட்டப்படி அவர்களுடைய பிள்ளையே. புகார் செய்தது அந்த உறவை அறுக்காது. தத்தெடுத்தபின் இரண்டாண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சமூகப் பணியாளரிடமும் செய்தியைக் கூறலாம். எனினும், காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை அதனால் தீராது.

நன்றியைக் காட்டிலும் பெரிய கடமை ஒன்றுண்டு. பீகாரில் முசாபர்பூர் இல்லத்தின் கொடுமைகள், வெளியிலிருந்து வந்த டாடா சமூக அறிவியல் நிறுவனத்தார் சிறுமியரிடம் பேசிய பின்னரே, 2018-இல் வெளிப்பட்டன. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. தத்துச் சென்ற குழந்தை தப்பிவிட்டது. அது உறங்கிய அறையில் இன்று வேறொரு குழந்தை உறங்குகிறது. பெற்றோர் அளிக்கும் புகார் அந்தக் குழந்தைக்கும் காவலாகும்.