அசன்சோல்: மாறிய கட்சிகளும் மாறாத கவலையும்

நிலக்கரிச் சுரங்கங்கள், பர்ன்பூர் உருக்காலை, சித்தரஞ்சன் ரயில் என்ஜின் தொழிற்சாலை என உழைப்பாளர்கள் நிறைந்த தொகுதி மேற்கு வங்கத்தின் அசன்சோல். 1989 முதல் கால் நூற்றாண்டு காலம் மார்க்சிஸ்ட் கட்சியின் கோட்டையாக விளங்கிய இம்மக்களவைத் தொகுதி, 2014-ல் பாரதிய ஜனதா வசமானது. இருமுறை வென்ற பாபுல் சுப்ரியோ, 2021-ல் திரிணமூல் காங்கிரஸில் சேர்ந்து பதவி விலகியதால் 2022 ஏப்ரல் 12-ம் தேதி இடைத்தேர்தல் நடைபெற்றது.

பிரசாரத்தில் ஓங்கி ஒலித்தது, "மண்ணின் மகளா, வெளியூர்க்காரரா' என்ற வாதமே. பாஜகவின் அக்னிமித்ரா பாலை 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார் பிகாரைச் சேர்ந்த நடிகர் சத்ருகன் சின்ஹா. திரிணமூலுக்கு இத்தொகுதியில் அதுவே முதல் வெற்றி.

ஆனால், தொழிலாளர்களின் கவலை வேறு. ரூப்நாராயண்பூரில் ஆலை நடத்திவந்த ஹிந்துஸ்தான் கேபிள்ஸ் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது, தொகுதி எம்.பி.யான சுப்ரியோவே கனரகத் தொழில் துறை இணை அமைச்சர். சுரங்கப் பகுதிகளில் நிலம் உள்வாங்குவது குறித்து 1997-ல் உச்ச நீதிமன்றத்தை நாடியவர் அன்றைய மார்க்சிஸ்ட் எம்.பி. ஹராதன் ராய். அதன் தொடர்ச்சியாக, ராணிகஞ்ச் பகுதிக்கு ரூ.2,661 கோடியிலான திட்டத்துக்கு 2009-ல் ஒப்புதல் கிடைத்தது. மறுகுடியமர்த்தும் பொறுப்பு மாநில அரசு அமைப்பிடம் தரப்பட்டது. எனினும், 2022-ல் வாக்குச்சாவடிக்குச் சென்றபோதும் பல குடும்பங்கள் மாற்று வீட்டுக்காகக் காத்திருந்தன.

2024 பொதுத்தேர்தலில் சின்ஹா மீண்டும் வென்றார். வித்தியாசமோ 60 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. எந்தக் கட்சிக்கும் அசன்சோல் நிரந்தரப் பட்டா எழுதித் தரவில்லை.