பழைய பெஞ்ச் கிரைண்டர்: இரும்பு விலையா, கருவி விலையா? மதிப்பிடுவது எப்படி?

சைதாப்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்திவந்தவர், வயதாகிவிட்டதால் பட்டறையை மூடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லேத்தைத் தெரிந்தவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். மேஜை மீது போல்ட் போட்டு இறுக்கிய பழைய பெஞ்ச் கிரைண்டர் மட்டும் மிச்சம். காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வெறும் இரும்புதான் சார், கிலோ கணக்குல எடுத்துக்கறேன்" என்கிறார். மகன் அதை போனில் படம் எடுத்து, பழைய பொருள் விற்கும் செயலியில் போடுகிறார். "விண்டேஜ் பீஸா? ஃபைனல் ரேட் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்கிறார். இரண்டு பேர் மனதில் இருக்கும் விலைக்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம்.

யார் சொல்வது நியாயம்? சரிபார்க்கத் தெரியாவிட்டால் விற்பவருக்குப் பணம் நஷ்டம். வாங்குபவருக்கோ பணத்தோடு போகாது, கண்ணே போய்விடும் அபாயமும் உண்டு.

பெஞ்ச் கிரைண்டர் என்றால் என்ன?

சென்னையில் கிரைண்டர் என்றதும் இட்லி மாவுதான் ஞாபகம் வரும். இது வேறு. நடுவில் ஒரு மோட்டார்; அதன் தண்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்; இரு முனைகளிலும் ஆளுக்கொரு வட்டக் கல். உளி, டிரில் பிட், லேத் டூல் ஆகியவற்றைச் சாணை பிடிக்கவும், வெட்டிய இரும்பின் பிசிறை எடுக்கவும் பயன்படும்.

சைதாப்பேட்டை பக்கம் இந்த மெஷின் கண்ணில் படுவதற்குக் காரணம் இருக்கிறது. அடையாற்றுக்கு அந்தப் பக்கம் கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை தொடங்கியது. இன்று அது திரு.வி.க. தொழிற்பேட்டை. அதைச் சுற்றி ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை என்று சிறு பட்டறைகள் வளர்ந்தன. லேத் இருக்கும் இடத்தில் டூலைத் தீட்ட ஒரு கிரைண்டர் இருந்தே ஆக வேண்டும். கல்லுக்கும் சென்னை தூரமில்லை. முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இங்கேதான் இருக்கிறது.

இப்போது பல பட்டறைகளில் சி.என்.சி. மெஷின்கள் வந்துவிட்டன. முனை மழுங்கினால் தீட்டுவதில்லை; கார்பைடு துண்டைக் கழற்றி வேறு போடுகிறார்கள். அதனால் பழைய கிரைண்டர்கள் விற்பனைக்கு வருகின்றன.

ஒரே மெஷின், மூன்று விலை

குழப்பத்துக்குக் காரணம், ஒரே மெஷினுக்கு மூன்று விதமான விலை இருப்பதுதான்.

முதலாவது இரும்பு விலை. எடை போட்டு, அன்றைய ரேட்டில் பெருக்கினால் வருவது. இதற்குக் கீழே யாரும் விற்கத் தேவையில்லை.

இரண்டாவது வேலை விலை. அடுத்த பத்து வருடம் ஓடும் கருவியாக அதற்கு என்ன மதிப்பு என்பது.

மூன்றாவது சேகரிப்பாளர் விலை. 1910-ல் பால்டிமோரில் தொடங்கிய பிளாக் அண்ட் டெக்கர், 1920-ல் செயின்ட் லூயிஸில் தொடங்கிய பால்டர் போன்ற பெயர்களின் பழைய மாடல்களை அமெரிக்காவில் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் உண்டு. நம் ஊரில் பிரிட்டனின் வுல்ஃப், ராலிஸ் நிறுவனத்தோடு அது கூட்டு சேர்ந்ததால் உருவான மும்பையின் ரலிவுல்ஃப் ஆகிய பெயர்களுக்குப் பழைய பட்டறைக்காரர்களிடம் மரியாதை உண்டு. ஆனால் பெயருக்காக மட்டும் அதிகம் கொடுப்பவர் இங்கே எப்போதாவதுதான் கிடைப்பார். அவரை நம்பி விலை வைத்தால் மெஷின் மூலையிலேயே கிடக்கும்.

ஆக, பேச வேண்டியது வேலை விலையை. அது மெஷினின் வயதைப் பொறுத்ததல்ல. தண்டு, பேரிங், வைண்டிங் மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

பெயர்ப்பலகை சொல்லும் கதை

முதலில் மோட்டாரில் இருக்கும் சின்ன உலோகப் பலகையைத் துடைத்துப் படிக்க வேண்டும். நான்கு விஷயங்கள் முக்கியம்.

வேகம்: நிமிடத்துக்கு 2,800-க்கு மேல் சுற்றினால் சாதாரண வேகம். 1,400 சொச்சம் என்றால் மெதுவான ரகம். மெதுவாகச் சுற்றும் கல்லில் உளி சீக்கிரம் சூடாகாது என்பதால் மர வேலை செய்பவர்கள் இதை விரும்புவார்கள்.

ஃபேஸ்: பட்டறை மெஷின்கள் பல, 400 வோல்ட்டுக்கு மேல் கேட்கும் த்ரீ ஃபேஸ் ரகம். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் என்றால் அப்படியே ஓடாது. வி.எஃப்.டி. எனப்படும் டிரைவ் வைத்து ஓட்ட முடியும். ஆனால் எல்லாப் பழைய மோட்டாருக்கும் அது பொருந்தாது, செலவும் தனி. இதே மெஷினை இன்னொரு பட்டறைக்காரர் வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை. யாருக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்தும் விலை மாறும்.

அலைவரிசை: 110 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது அமெரிக்காவுக்கான மெஷின். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் மெஷின் மெதுவாகச் சுற்றும், மோட்டார் அதிகம் சூடாகும். விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம்.

சக்தி: ஹெச்.பி. கணக்கில் இருந்தால் 746-ஆல் பெருக்கினால் வாட் வரும். புது மெஷினோடு ஒப்பிட இது உதவும்.

2015 வெள்ளத்தில் நின்றதா?

சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பக்கம் வாங்குபவர்கள் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரை புரண்டபோது இந்தப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. மோட்டார்கள் சேற்றில் முங்கின.

முங்கிய மோட்டாரை உடனே கழற்றி, காய வைத்து, வார்னிஷ் போட்டுச் சரிசெய்திருந்தால் தவறில்லை. வெயிலில் வைத்துவிட்டு, பெயின்ட் அடித்து விற்பதுதான் பிரச்சினை. வெளியே பெயின்ட் பளபளக்கிறது, சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் உள்ளே திருகெல்லாம் துரு, மூலையில் மெல்லிய வண்டல் என்றால் புரிந்துகொள்ளலாம். பழைய பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும் மெஷின், புதுப் பெயின்ட் மெஷினைவிட நம்பகமானது.

மெகர் என்ற கருவியால் வைண்டிங்குக்கும் உடம்புக்கும் இடையிலான தடையை அளக்கலாம். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இது இருக்கும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் ஷாக் அடிக்க வாய்ப்பு இருக்கிறது. பிளக்கில் செருகவே கூடாது.

கையால் ஒரு பரிசோதனை

மின்சாரம் இல்லாமல் முதலில் இரண்டு கற்களையும் கழற்றச் சொல்ல வேண்டும். இடது பக்க நட் மட்டும் தலைகீழ் மரை; கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு இழுத்தால் மரை பாழாகிவிடும். மரை நசுங்கியிருந்தால், முன்பே யாரோ அப்படி இழுத்திருக்கிறார்கள்.

அடுத்து தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தாலோ, சுற்றும்போது மணல் அரைபடுவது போல் கரகரத்தாலோ பேரிங் போய்விட்டது. இதற்காக மெஷினை ஒதுக்க வேண்டியதில்லை. பல மெஷின்களில் இருப்பது 6202, 6203, 6204 போன்ற சாதாரண எண் கொண்ட பேரிங், எங்கும் கிடைக்கும். விலையில் கழித்துக்கொண்டால் போதும்.

தண்டு வளைந்திருந்தால் கதை வேறு. கல் இல்லாமல் ஓட்டும்போதும் மேஜை அதிர்ந்தால், தண்டிலோ பேரிங்கிலோதான் குறை. டயல் கேஜ் வைத்துப் பார்த்து, தண்டின் ஆட்டம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் விட்டுவிடுவதே நல்லது. கல் இல்லாதபோது அமைதியாக ஓடி, கல் மாட்டியதும் அதிர்ந்தால் குறை கல்லில் அல்லது அதைப் பிடிக்கும் பிளேட்டில் இருக்கிறது, செலவு குறைவு.

சுவிட்ச் போட்டதும் "ம்ம்ம்" என்று உறுமிவிட்டு நின்றால் பல நேரம் கண்டென்சர்தான் காரணம். மலிவான பாகம். "மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்று விற்பவரே நினைத்துக்கொண்டு இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவது இந்த ரக மெஷின்களைத்தான்.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பால் பேரிங் நன்றாக இருந்தால் மெல்லத் தணிந்து, நிதானமாக நிற்கும். சத்தத்தோடு சட்டென்று நின்றால் உள்ளே எங்கோ உராய்கிறது.

கல்லுக்கு மதிப்பு: பூஜ்யம்

"ரெண்டு கல்லும் இருக்கு சார், அப்படியே ஓட்டலாம்" என்று சொல்லி விலை ஏற்றுவது வழக்கம். உண்மையில் பழைய கல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கணக்கு வைக்கக் கூடாது.

காரணம் எளிது. 200 மில்லிமீட்டர் கல், நிமிடத்துக்கு 2,850 முறை சுற்றினால் அதன் விளிம்பின் வேகம் விநாடிக்கு சுமார் 30 மீட்டர். அதாவது மணிக்கு 107 கிலோமீட்டர். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்து உடைந்தால், துண்டுகள் அந்த வேகத்தில் முகத்துக்கு வரும். வருடக்கணக்கில் கிடந்த கல் எப்போது கீழே விழுந்தது, எப்போது தண்ணீரில் ஊறியது என்று யாருக்கும் தெரியாது. சட்டமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 30-வது பிரிவு, கிரைண்டிங் நடக்கும் அறையில் ஒவ்வொரு கல்லின் பாதுகாப்பான உச்ச வேகத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்றது.

புதுக் கல் வாங்கும்போதும் ஒரு சோதனை உண்டு. மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். கல்லை விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாகத் தட்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். 'சொத்' என்றால் விரிசல். சாதாரண சாம்பல் நிற சாணைக்கல்லுக்கு இது பொருந்தும். ரெசின் கலந்த கல் அவ்வளவு கணீர் என்று ஒலிக்காது. கல் மீது அச்சிட்ட உச்ச வேகம், மெஷின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

கல்லைச் சுற்றியுள்ள இரும்பு மூடி, பொருளை வைக்கும் தாங்கி இரண்டும் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். பட்டறைகளில் "வேலைக்கு இடைஞ்சல்" என்று மூடியைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாமல் ஓட்டக் கூடாது. செய்து மாட்டும் செலவைக் கழிக்க வேண்டும். தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முதல் முறை சுவிட்ச் போடும்போது கல்லுக்கு நேராக நிற்காமல், கண்ணாடி அணிந்து பக்கவாட்டில் ஒரு நிமிடம் நிற்பது நல்லது.

கணக்குப் போடலாம்

கீழே உள்ளவை கணக்கு புரிவதற்கான உதாரண எண்கள் மட்டுமே. அன்றைய விலையைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

- அதே அளவு, அதே சக்தி கொண்ட புது மெஷின்: 12,000 ரூபாய்
- இரண்டு புதுக் கல்: 1,600
- பேரிங் ஜோடி, கூலியோடு: 800
- ஒயர், சுவிட்ச், எர்த்: 500
- மூடி, தாங்கி: 900

மொத்தச் செலவு 3,800. புது விலையில் கழித்தால் 8,200. பில் இல்லை, வாரன்டி இல்லை, தூக்கி வரும் வேலையும் இருக்கிறது என்பதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 5,500. வாங்குபவரின் உச்ச விலை இது. காயிலும் கட்ட வேண்டும், அதற்கு 2,500 ஆகும் என்றால், அதே கணக்கில் 3,800-க்கு இறங்கிவிடும்.

மறுபக்கம், 35 கிலோ மெஷின், கிலோ 30 ரூபாய் என்றால் இரும்பு விலை 1,050. பேரம் இந்த இரண்டுக்கும் நடுவே.

விற்பவர்கள் கவனத்துக்கு

காயலான் கடையில் முழு எடையையும் இரும்பு என்றே போடுவார்கள். பழைய மோட்டாரின் வைண்டிங் பொதுவாகச் செம்பு; அதற்குக் கிலோ விலை இரும்பைவிடப் பல மடங்கு. மோட்டார் எரிந்திருந்தாலும் அதைத் தனியாகப் பேச வேண்டும்.

ஓடும் மெஷின் என்றால், அடித்துத் தேய்த்துப் பெயின்ட் பூச வேண்டாம். பெயர்ப்பலகையைத் துடைத்து ஒரு படம், கல் இல்லாமல் ஓடுவதையும் அணைத்ததும் நிற்பதையும் காட்டும் சின்ன வீடியோ ஒன்று போதும். வெள்ளத்தில் நின்றிருந்தால் அதையும், எப்போது சரிசெய்தது என்பதையும் சொல்லிவிடலாம். விவரம் தெரிந்து வாங்குபவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். முன்பே சொன்னால் மற்றதையும் நம்புவார்.

பட்டறையை மூடும் அந்தக் குடும்பத்துக்கு வருவோம். காயலான் கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் தொழிலில் அது இரும்புதான். மகன் ஒரு மணி நேரம் செலவழித்து, கல்லைக் கழற்றி, தண்டை ஆட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தால், 1,050-ஆ 5,500-ஆ என்று அவருக்கே தெரிந்துவிடும். கழற்றிய பழைய கல்லை மட்டும் மெஷினோடு கொடுத்துவிடாமல், யாரும் மறுபடி மாட்ட முடியாதபடி உடைத்துப் போட்டுவிட வேண்டும்.