நாய்க்குப் பயந்து நடையை நிறுத்த வேண்டுமா?



நம் மக்தபில் ஓதும் பத்து வயதுப் பிள்ளை ஒருவன், ஒரு நாள் காலை கெண்டைக்காலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். உஸ்தாத் கேட்டதற்கு முள் கிழித்துவிட்டது என்று சொல்லிவிட்டான். மறுநாள் மாலை அவனுடைய அம்மா குளிப்பாட்டும்போதுதான் அது முள் அல்ல, பல் தடம் என்று தெரிந்தது. கடித்தது, மதரஸாவுக்கு வரும் வழியில் மூலை வீட்டில் வளர்க்கும் நாய். அதற்குள் ஒன்றரை நாள் ஓடிவிட்டது.

ஏன் மறைத்தாய் என்று கேட்டபோது அவன் இரண்டு காரணம் சொன்னான். நாய் பட்டது நஜீஸ், வீட்டில் அடிப்பார்கள் என்பது ஒன்று. தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று கூட ஓதும் பையன் பயமுறுத்தியது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அல்ஹம்துலில்லாஹ், அன்று இரவே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டாயிற்று, பிள்ளை நலமாக இருக்கிறான். ஆனாலும் அந்த ஒன்றரை நாளை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் மருந்து என்று எதுவும் கிடையாது; வெளிப்படும் முன்னர் ஊசி போட்டுக்கொள்வது ஒன்றுதான் வழி. இந்த நேரத்தில் ஒரு பிள்ளை அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றால், அதில் நம் வீடுகளுக்கும் நம் மதரஸாவுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இம்மாத இதழில் இதை விரிவாக எழுதுகிறோம்.

சுபுஹுத் தொழுகைக்குப் போகிறவர்கள், தொழுதுவிட்டுச் சர்க்கரைக்காக நடக்கிற பெரியவர்கள், ஆறரை மணிக்கு மதரஸாவுக்கு வருகிற சிறுவர் சிறுமியர், மாலையில் தையல் வகுப்புக்கு வரும் பெண்கள் என எல்லோரும் அந்த மூலையைக் கடந்துதான் ஆக வேண்டும். சிலர் இரண்டு தெரு சுற்றிப் போகத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெரியவர் நடையையே நிறுத்திவிட்டார். அவருக்குச் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

முதலில் நாய் ஏன் பாய்கிறது என்று தெரிந்துகொள்வோம். வீட்டு நாய்க்குத் தன் வீட்டு வாசலும் அதை ஒட்டிய தெருவும் தன்னுடையது என்ற எண்ணம். நாம் வருகிறோம், அது குரைக்கிறது, நாம் போய்விடுகிறோம். நாம் நம் வேலையாகத்தான் போகிறோம். நாயோ தான் குரைத்ததால்தான் நாம் போனோம் என்று எடுத்துக்கொள்கிறது. தினமும் இரண்டு வேளை இப்படி ‘ஜெயித்து’ப் பழகிய நாய்க்கு நாளாக நாளாகத் துணிச்சல் ஏறும். பகல் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கும் நாய்க்கு இந்த மூர்க்கம் இன்னும் அதிகம். காற்றில் படபடக்கும் புர்கா, கைத்தடி, விரித்த குடை, ஓடும் பிள்ளைகள், மிதிவண்டி எல்லாம் பழக்கமில்லாத நாயை மிரட்டும். மிரண்ட நாயும் கடிக்கும். கோபம் கொண்ட நாய் மட்டும்தான் கடிக்கும் என்பதில்லை.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி யாரும் காலை நீட்ட வேண்டாம். அதே சமயம், சத்தமே இல்லாமல் உடம்பை விறைத்து, பிடரி மயிர் சிலிர்த்து, கண் கொட்டாமல் பார்க்கும் நாய்தான் அதிக ஆபத்து. வால் ஆட்டுவதெல்லாம் அன்பு என்றும் எண்ண வேண்டாம். உயரத் தூக்கிய வால் விறைப்பாக ஆடினால் அது எச்சரிக்கை.

அப்படி ஒரு நாய் எதிரே வந்தால் ஓடக் கூடாது. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு, ஓட்டத்தில் நாம் அதை வெல்லவும் முடியாது. அப்படியே நின்று, உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். கண்ணோடு கண் பார்க்க வேண்டாம், கத்தவும் வேண்டாம். கையில் பையோ குடையோ மிதிவண்டியோ இருந்தால் நமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். தடி வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுழற்றாதீர்கள். பாய்ந்தே விட்டால் பையைக் கொடுத்துவிடுங்கள். அது பையைக் கடிக்கட்டும். கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, விரல்களைக் கோத்துப் பிடரியையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் கடி விழுவதுண்டு என்பதால் இதை வீட்டில் ஒரு விளையாட்டுப் போலச் செய்து காட்டிப் பழக்குங்கள். ‘மரம் போல நில், விழுந்தால் கல் போலக் கிட’ என்று சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதில்தான் நம்மவர்கள் தவறிவிடுகிறோம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

மண்ணும் வேண்டாம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் கழுவ வேண்டும் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். அதை எண்ணிக் கடிபட்ட காயத்திலேயே மண்ணைத் தேய்த்தவரை நாங்கள் பார்த்திருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் சொன்னது பாத்திரத்தைப் பற்றி. திறந்த காயத்தில் மண் பட்டால் வேறு கிருமி புகும். முதலில் சோப்பும் தண்ணீரும், அடுத்து மருத்துவமனை. சுத்தம் பற்றிய கேள்வியை அதன்பிறகு உங்கள் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம் ஊரில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் கலந்து வாழ்வதால் ஒரு விளக்கம். ஹனஃபி மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ், உடம்பு அப்படியல்ல. ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ், ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். ஆனால் காய்ந்த நாய் காய்ந்த துணியில் உரசிப் போனால் இரண்டு மத்ஹபிலும் துணி நஜீஸ் ஆவதில்லை. நாய் பட்டதாலேயே ஒளு முறிவதும் இல்லை. இது தெரியாமல் ‘தொழுகை போயிற்றே’ என்று பதறி, நாயைக் கல்லால் அடித்து, அது திரும்பிக் கடித்த கதைகள் நமக்குள் ஏராளம். பிள்ளைகளிடம் நாய் பட்டால் அடி என்று சொல்லாதீர்கள். நாய் பட்டால் உடனே வந்து சொல் என்று சொல்லுங்கள்.

ஊசி பற்றி. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி நம் பெற்றோர் காலத்தோடு போய்விட்டது. இப்போது புஜத்தில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் முதல் நாள், பிறகு அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு தவணை, காசு கிடையாது. இரத்தம் வரும்படி கடித்திருந்தால் இத்துடன் காயத்திலும் காயத்தைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இல்லை என்றால் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ‘நாளை பார்க்கலாம்’ என்று திரும்பி வராதீர்கள். வழி தெரியாவிட்டால் 104 எண்ணில் கேட்கலாம். இரத்தம் வராத பல் கீறலுக்கும் நகக் கீறலுக்கும்கூட ஊசி தேவை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம் என்று அதன் வீட்டார் சொன்னாலும் நாம் போட்டுக்கொள்வதை நிறுத்தக் கூடாது. நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள், அதனால் கோபத்தில் அதை ஒன்றும் செய்துவிடாதீர்கள். ரமலானில் கடிபட்டால் நோன்பு முறிந்துவிடுமோ என்று தள்ளிப்போட வேண்டாம். இப்படிப்பட்ட ஊசியால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து.

இனி அந்த மூலை வீட்டுக்கு வருவோம். செய்தி பரவியதும், ஜும்ஆ முடிந்து எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்போம் என்று சில இளைஞர்கள் கிளம்பினார்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மாற்று மத சகோதரர். ஐம்பது பேர் ஒரு வீட்டின் முன்னால் போய் நின்றால் அன்று மாலைக்குள் அது நாய்ப் பிரச்சினையாக இருக்காது. வேறு பெயர் வைத்து வேறு யாரோ பேசத் தொடங்கிவிடுவார்கள். இன்னொருவர், கறியில் மருந்து வைத்து முடித்துவிடலாம் என்றார். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொடுத்தவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்று ஹதீஸில் ஓதிவிட்டு, விஷம் வைப்பதைப் பற்றி எப்படிப் பேச முடிகிறது? சட்டப்படியும் அது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

நாங்கள் இரண்டே பேர் போனோம். அசர் தொழுதுவிட்டு, அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நம் ஜமாஅத் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு. “நாயை அப்புறப்படுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை சார். பிள்ளைகள் பயமில்லாமல் போக வழி கேட்டுத்தான் வந்தோம்” என்று தொடங்கினோம்.

அவர் காபி கொடுத்தார். பிறகு எதுவும் பேசாமல் தம் கைபேசியை எடுத்து வாசல் கேமராவின் பதிவுகளைக் காட்டினார். நம் மதரஸாப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், தொப்பியும் கிதாபுமாக, அவர் வீட்டுக் கேட்டைக் குச்சியால் தட்டித் தட்டி ஓடுகிறார்கள். ஒருவன் கம்பி இடுக்கில் கல்லை எறிகிறான். ஒரு நாள் அல்ல, பல நாள். கடிபட்ட பிள்ளையும் அதில் இருந்தான். “கேட் தாழ்ப்பாள் ஆடிப்போனதே இதனால்தான் பாய். நானும் வந்து சொல்லலாம் என்று நினைத்தேன், எப்படி எடுத்துக்கொள்வீர்களோ என்று விட்டுவிட்டேன்” என்றார்.

மூன்றாவது காரணம் அதுதான். நாங்கள் நியாயம் கேட்கப் போனவர்கள், மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மேலே பேசினோம். தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறாதவர் முழு முஃமின் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது மூலை வீட்டுக்காரரை நோக்கி மட்டும் சொல்லப்பட்டதல்ல.

அதற்காகத் தாழ்ப்பாள் சரியில்லாமல் நாயை விட்டிருந்தது சரியாகிவிடாது என்பதையும் மரியாதையாகச் சொன்னோம். அவரும் ஒப்புக்கொண்டார். கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டு, நாய்க்கு வெளியே தெரியாதபடி கீழ்ப்பாதிக்குத் தகரம் அடித்துவிட்டார். சுபுஹு நேரமும் மதரஸா தொடங்கி முடியும் நேரமும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அந்நேரங்களில் நாயைப் பின்கட்டில் வைத்துக்கொள்கிறார். நோன்பு காலத்தில் தராவீஹ் நேரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். உஸ்தாத் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஸலாத்துக்குப் பதிலாக வணக்கம் சொல்ல வைத்து, மன்னிப்பும் கேட்க வைத்தார். நாய் இப்போதும் குரைக்கத்தான் செய்கிறது. தெருவுக்கு வருவதில்லை.

எல்லா வீட்டுக்காரர்களும் இவரைப் போல இருக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஒரு முறை, இரண்டு முறை பேசியும் கேட்காவிட்டால் என்ன செய்வது? எந்த நாள், எத்தனை மணி, யாரைத் துரத்தியது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள். கடிபட்டிருந்தால் மருத்துவமனைச் சீட்டின் நகலைச் சேருங்கள். நகராட்சி ஆணையருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. அந்த உரிமம் இருக்கிறதா என்று மனுவிலேயே கேட்கலாம். அதற்கும் அசையாவிட்டால் காவல் நிலையம். தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனுவில் நாயைப் பற்றி மட்டும் எழுதுங்கள். வீட்டுக்காரரின் சாதி, மதம், பழைய வாய்க்கால் தகராறு எதுவும் அதில் வர வேண்டாம்.

நம்மவர்களிலும் தோட்டத்துக்கும் ஆட்டுக்கும் காவலாக நாய் வளர்ப்பவர்கள் உண்டு. மார்க்கத்தில் அதற்கு அனுமதி இருக்கிறது. அவர்களும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, கட்டிப்போட்ட நாயைத் தெரு அடங்கிய நேரத்தில் கயிறோடு நடத்திக் கூட்டிப் போக வேண்டும்.

மனுவின் மாதிரிப் படிவம் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கிறது. அசருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்து பெற்றுக்கொள்ளலாம், எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்களே எழுதித் தருகிறோம். ஊசிக்காகப் பெரிய மருத்துவமனைக்குப் போகப் பேருந்துச் செலவுக்கு வழியில்லாதவர்கள் தயங்காமல் கேளுங்கள். கடிபட்ட நம் பிள்ளைக்கு 28-ஆம் நாள் ஊசி வருகிற வியாழக்கிழமை. வலி போய்விட்டது, இனி எதற்கு என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். அன்று காலை மதரஸா விட்டதும் உஸ்தாதே அவனைக் கூட்டிப் போகிறார்.